எத்தனை ஆச்சு?

பறவை பார்த்துவிட்டு வருகிறவரிடம் இப்போதெல்லாம் முதலில் கேட்பது, “இன்னைக்கு எத்தனை ஆச்சு?” சொன்ன எண் குறைவாக இருந்தால் சொன்னவர் முகமே சுருங்கிப்போகிறது. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை ஒவ்வொரு சுள்ளியாகக் கொண்டுவந்து கூட்டில் செருகுவதை ஒரு மணி நேரம் பார்த்த காலை எப்படி வீணாகும்?

எண்ணுவதில் குற்றமில்லை. பார்த்த பறவைகளைப் பதிவு செய்வதற்காக 2002-இல் தொடங்கிய இ-பேர்டு தளத்தில் நம் ஊர் ஆர்வலர்கள் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான், 2023-ஆம் ஆண்டின் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 வகைகளை ஆராய்ந்தது. பெரிய காரியம். ஆனால் அதே தளத்தில் யார் முதல் நூறு பேரில் இருக்கிறார் என்ற வரிசையும் இருக்கிறது. ஆளைக் கெடுப்பது அதுதான்.

ஆறுமணிக்குருவி குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும். புதர் நிழலில் சருகைப் புரட்டிப் புழு தேடும். விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். காத்திருந்தால் தானாகவே கண்ணில் படும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார். தன் எல்லைக்குள் இன்னொன்று புகுந்துவிட்டது என்று பதறி அது வெளியே வருகிறது. அவருக்குப் படம் கிடைத்தது, ‘லைஃபர்’, அதாவது வாழ்நாளில் முதல்முறை பார்க்கும் வகை, ஒன்று கூடியது. நெடுந்தூரம் பறந்து களைத்து வந்த பறவை, இரை தேடுவதை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

போட்டி எண்ணோடு நிற்பதில்லை. பெரிய லென்ஸ் இல்லாமல் பறவை பார்க்கும் குழுவோடு வரக் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவி சொன்னார். அவருக்குக் குரல் கேட்டே பறவையைச் சொல்லத் தெரியும்.

வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளே இருக்கும் ஆசையை எப்படிக் குறைக்கிறது என்பதற்கு, 1973-இல் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் மார்க் லெப்பரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தார்கள். சில நாள் கழித்து ஸ்கெட்ச் பேனாக்களை மறுபடி வைத்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை.

ஃபீபி ஸ்னெட்சிங்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி, உலகில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பார்த்த முதல் மனிதர். தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் தளராமல் உலகைச் சுற்றியவர். அந்த மனத்திடத்தை வணங்குகிறேன். பறவைப் பயணத்துக்காக அவர் தவறவிட்டவற்றில் மகளின் திருமணமும் உண்டு. எந்தப் பட்டியலுக்கும் அது அதிக விலை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: வீட்டு வாசலுக்கு வரும் தவிட்டுக்குருவிக் கூட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். மற்றவை தரையில் மேயும்போது ஒன்று மேலே உட்கார்ந்து காவல் காக்கும். அந்தக் காவல் எப்போது கைமாறுகிறது என்று பாருங்கள். பட்டியலைத் தவறாமல் ஏற்றுங்கள், ஆராய்ச்சிக்கு அது வேண்டும். வரிசையில் உங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்று மட்டும் போய்ப் பார்க்காதீர்கள்.