தண்ணீர் போகும், உப்பு நிற்கும்

ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளிப் பக்கம் இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்த விவசாயிக்கு வயது 61. நாற்பது வருடமாக உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். எந்தக் கிணற்றுத் தண்ணீரை எந்த மாதம் பாய்ச்சலாம் என்பது ஒரு சொட்டை நாக்கில் வைத்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர், வீட்டுக்குள் வைத்த 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஒன்பதே நாளில் நான்கு மீன்களைப் பறிகொடுத்தார்.

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்திக்காக வாங்கிய தொட்டி அது. ஏழாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை. 2003-ல் வெளியான 'ஃபைண்டிங் நீமோ' படத்தைப் பார்த்துவிட்டு, அதில் வருகிற மீன்கள்தான் வேண்டும் என்று கேட்டது. தேங்காய் விற்ற பணம் கையில் இருந்தது. கோமாளி மீன் இரண்டு, புளூ டேங் ஒன்று, வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று, விரல் நீளத்தில் நீல நிற டேம்சல் ஒன்று என ஐந்து மீன்கள் வீடு வந்து சேர்ந்தன. கடலில் இருந்து கேனில் பிடித்து வந்த நீரை ஊற்றி, அன்று மாலையே மீன்களை விட்டாகிவிட்டது.

மூன்றாம் நாள் புளூ டேங் செத்தது. அடுத்தடுத்துக் கோமாளி மீன்கள் இரண்டும் போயின. வந்த நாளில் இருந்து தீவனத்தையே தொடாத வண்ணத்துப்பூச்சி மீன், ஒன்பதாம் நாள் மிதந்தது. முதல் மூன்றையும் தென்னை மூட்டில் புதைத்த பேத்தி, நான்காவதைப் புதைக்க வெளியே வரவில்லை. "நான் கேட்டதாலதானே தாத்தா செத்துச்சு" என்று மட்டும் சொன்னது.

தாத்தாவுக்குப் பணம் போன வருத்தத்தைவிட அந்தச் சொல்தான் உறுத்தியது. டேம்சல் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது. "கடல் கூப்பிடு தூரத்துலதான் இருக்கு. கொண்டுபோய் விட்டுட்டு வாங்கண்ணே" என்றார் பக்கத்து வீட்டு மீனவர். சரி என்று வாளியில் பிடித்துவிட்டார். கிளம்பும் முன், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் மைத்துனர் மகனுக்கு ஒரு போன் போட்டார்.

"விட்டுறாதீங்க மாமா. அது எந்தக் கடல்ல பிடிச்சதுன்னு நமக்குத் தெரியாது. கடைத் தொட்டியில எந்த நோயைச் சேர்த்துக்கிட்டு வந்துச்சுன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்."

அவன் சொன்னதற்கு ஒரு முன்கதை உண்டு. சிங்க மீன் நம் இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழ்வது. 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையில் அது தென்பட்டது. தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதால் வந்தது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்றைக்குக் கரீபியன் கடல் முழுக்கப் பரவி, அங்குள்ள சிறு மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. சீமைக்கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தப்பு தண்ணீரில்

ஞாயிற்றுக்கிழமை வந்த மருமகன், மீனைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைச் சோதித்தான். அம்மோனியா ஏறியிருந்தது. யூரியா போட்டால் மண்ணில் என்ன நடக்கிறதோ, அதுதான் தொட்டியிலும் நடக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதுத் தொட்டியின் ஃபில்டரிலும் கல்லிலும் அவை குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் விடுவது, பச்சைச் சாணத்தை நேரடியாக நாற்றங்காலில் கொட்டுவது போலத்தான்.

அடுத்து உப்பு. கரும்பில் பிரிக்ஸ் பார்ப்பது போன்ற ஒரு சின்னக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். லிட்டருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு, 40-ஐத் தொட்டிருந்தது. வெயிலில் தண்ணீர் குறையக் குறைய, தாத்தா தினமும் கடல்நீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறார்.

"ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் மாமா. உப்பு அங்கேயேதான் நிக்கும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கோடையில் வயலில் வெள்ளையாகப் பூக்கும் உப்பை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். குறைகிற தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். கடல்நீர் வேண்டியது வாரம் பத்து சதவிகிதத் தண்ணீரை மாற்றும்போதுதான். நிலத்தில் நைட்ரேட்டைப் பயிர் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் எடுத்துக்கொள்ளப் பயிர் இல்லை. நாம்தான் வெளியேற்ற வேண்டும்.

இன்னொன்றும் வெளிவந்தது. தோப்பில் மருந்து அடித்துவிட்டு வந்து, அதே கையைத் தொட்டிக்குள் விட்டிருக்கிறார். நாம் பூச்சிக்குத் தெளிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் துளியளவு போனாலும் மீனுக்கு எமன். மயில்துத்தமும் அப்படித்தான். அதில் உள்ள தாமிரத்தை மீனின் ஒட்டுண்ணிக்கு அளந்து கொடுப்பதுண்டு. ஆனால், அதே தொட்டியில் இறால் இருந்தால் செத்துப்போகும்.

மண்ணுக்கேற்ற பயிர், தொட்டிக்கேற்ற மீன்

தண்ணீர் சரியாக இருந்திருந்தாலும், வாங்கி வந்த மீன்களில் இரண்டு அந்தத் தொட்டிக்கு ஆகாதவை. புளூ டேங் ஒரு அடி வரை வளரும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும். இரண்டரை அடித் தொட்டி அதற்குச் சிறை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகைகள் உயிருள்ள பவளத்தைக் கொறித்துத்தான் பிழைக்கும். எவ்வளவு விலை உயர்ந்த தீவனம் போட்டாலும் பட்டினிதான் கிடக்கும். அழகைப் பார்த்து வாங்கக் கூடாது. எவ்வளவு வளரும், என்ன தின்னும், யாரோடு சண்டை போடும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பது நான்காவது கேள்வி. பிலிப்பைன்ஸில் 1960-களில் தொடங்கி, பவளப்பாறைகளில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. பிடிபட்ட மீனும் பிழைக்காது, பாறையும் சாகும். ஆனால், கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மண்டபத்தில் மண்டல மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீனையும் டேம்சல் வகைகளையும் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையைக் கண்டிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இதைச் செய்திருக்கிறது. ஆண் மீன் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டே காவல் இருக்கும். ஒரு வாரத்தை ஒட்டிக் குஞ்சு பொரியும். இப்படித் தொட்டியிலேயே பிறந்த மீன், தீவனத்துக்கும் தொட்டிக்கும் பழகியே வரும். அது வாழும் அனிமோன் இல்லாமலேயே வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. கடல் குதிரை, பவளம், கடல் அட்டை ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும்.

ஒரே ஒரு மீன்

அன்று முதல் அந்த ஒற்றை டேம்சலுக்காகத் தாத்தா ஒரு நோட்டுப் போட்டார். தினமும் அம்மோனியா பார்த்தார். ஏறினால் கால்வாசித் தண்ணீரை மாற்றினார். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினார். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் வாங்கினார். நாற்பது நாள் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன.

காலாண்டு விடுமுறைக்குப் பேத்தி வந்தபோது, பொரிப்பகத்துக் கோமாளி மீன் ஒரு ஜோடி வாங்கித் தருவதாக மருமகன் சொன்னான். ஒரு சிக்கலையும் சேர்த்தே சொன்னான். டேம்சல் இடம் பிடித்துவிட்டால் விடாது. புதிதாக வரும் மீனைக் கடித்து விரட்டும். இந்தச் சின்னத் தொட்டியில் ஒதுங்க இடம் கிடையாது. கோமாளி மீன் வேண்டும் என்றால், டேம்சலைப் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுக்க வேண்டும்.

பிள்ளை வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் இருந்து நீலமாக எட்டிப் பார்த்தது அந்த மீன்.

"இது வீடு தாத்தா அதுக்கு. நீமோ வேணாம்."

இன்றைக்கும் அந்தத் தொட்டியில் ஒரு மீன்தான். "இத்தாம் பெரிய தொட்டியில ஒத்த மீனா?" என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். அவர் ஒரு பதில் வைத்திருக்கிறார்: "ஏக்கருக்கு எழுபது தென்னைன்னு ஒரு கணக்கு இருக்குல்ல? எடம் கெடக்கேன்னு நூறு வெச்சா என்ன ஆகும்? அதே கணக்குதான்யா இதுவும்."

சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றுகிறார்.