மீ சோன் செங்கற்கள்



ஹோய் ஆன் விளக்குப் படங்களுக்கு நிறையப் பேர் இதயக்குறி போட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் வியட்நாமில் என்னை நிறுத்தி வைத்த இடம் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள மீ சோன்.

சம்பா மன்னர்கள் 4ஆம் நூற்றாண்டு முதல் சிவனுக்குக் கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. பெரும்பாலும் செங்கல். இடையில் சாந்தே கண்ணில் படவில்லை. எப்படி ஒட்டினார்கள் என்று இன்னும் வாதம் நடக்கிறது.

1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. பெரிய கோபுரம் விழுந்தது, இப்போது அடிச்சுவர்கள்தான். பக்கத்தில் குண்டு விழுந்த பள்ளங்களில் புல் முளைத்திருக்கிறது. போருக்குப் பின் போலந்திலிருந்து வந்து இடிபாடுகளைச் சீரமைத்தவர் குவியாட்கோவ்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். 1997இல் வியட்நாமிலேயே இறந்தார். ஹோய் ஆனில் அவருக்குச் சிலை உண்டு. விளக்கு வாங்கும் கூட்டம் கவனிப்பதில்லை.

நம் இந்தியத் தொல்லியல் துறையும் அங்கே வேலை செய்தது. 2020இல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அங்கே ஒரு லிங்கத்தின் முன் என் மனைவி செருப்பைக் கழற்றினார்.

“இங்கே பூசை கிடையாது மேடம், மியூசியம் மாதிரிதான்” என்றான் வழிகாட்டிப் பையன்.

“சாமி இருக்கே தம்பி” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவன் பதில் சொல்லவில்லை. நாங்கள் கிளம்பும்வரை கொஞ்சம் தள்ளியே நின்றான்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் கடுமை. முழங்கால் வலிக்காரர்களே, நுழைவாயிலிலிருந்து பேட்டரி வண்டி உண்டு.