விருந்தினர் குரல்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். நூலுக்குரிய எட்டு வனப்புகளுள் ஒன்றாகவும் தொல்காப்பியர் அதனை வைத்தார். ஓர் இசையமைப்பாளர் தமது தொகுப்பில் பிறநாட்டுப் பாடகரை அழைத்துப் பாடவைப்பதைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு இச்சொல்லே நினைவுக்கு வருகிறது. ஜப்பானியரான ரியூச்சி சகமோட்டோ 1989-இல் வெளியிட்ட 'பியூட்டி' என்னும் தொகுப்பில் செனகல் நாட்டு யூசு ந்தூரும் இங்கிலாந்தின் ராபர்ட் வயட்டும் பாடினர். மின்னணுக் கருவிகளின் நடுவே ஓக்கினாவாத் தீவின் மரபிசையும் அதில் ஒலித்தது.

நம் பக்கத்தில் அதற்கு நிகராக நாம் கருதுவது ஏ.ஆர்.ரகுமானின் 'வந்தே மாதரம்'. நாடு விடுதலை பெற்ற ஐம்பதாம் ஆண்டான 1997-இன் ஆகஸ்டில் வெளிவந்தது. திரைப்படம் எதனையும் சாராதது. தாம்பரத்தில் ஒலிநாடாவாக வாங்கி, வாக்மேனில் இட்டு, மின்சார ரயிலில் கேட்டுக்கொண்டே சென்றோம். பல்லாவரம், பரங்கிமலை, சைதாப்பேட்டை எனக் கடந்து, ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடம் அமைந்த கோடம்பாக்கம் வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும்.

தொகுப்பு முழுவதும் ஒரே தரமன்று. சில பாடல்களில் இயந்திரத் தாளம் சொற்களை மிதித்துக்கொண்டு செல்கிறது. ஆயினும் அமைதியைப் பற்றிய ஒரு பாடலில் பாகிஸ்தானின் நுஸ்ரத் பதே அலி கான் ரகுமானோடு பாடுகிறார். அவர் வாய் திறந்ததும் அந்தத் தாளம் தானாகவே பணியாளாகிவிடுகிறது. கவ்வாலி மரபில் பழகிய அக்குரல் கட்டத்துக்குள் நிற்பதில்லை. தாண்டிச் சென்று, தன் விருப்பம்போல் திரும்பி வருகிறது. தொகுப்பு வெளியான சில நாள்களில், ஆகஸ்ட் 16 அன்று, அவர் லண்டனில் காலமானார். அகவை நாற்பத்தெட்டு.

அவருடைய முன்னோர் ஊர் இன்றைய இந்தியாவிலுள்ள ஜலந்தர். 1947-இல் நாடு பிரிந்தபோது குடும்பம் லயால்பூருக்குப் பெயர்ந்தது; மறு ஆண்டு அவர் அங்கே பிறந்தார். அப்படியானால் அந்தப் பாடலில் அவரை விருந்தினர் என்பது எந்த அளவுக்குச் சரி என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு.

1999-இல் கார்கில் போர் மூண்டது. எதிர் வீட்டு அம்மாளின் மகன் படையில், வடக்கே எங்கோ இருந்தார். ஒரு மாலை அம்மாள் வாசலில் வந்து நின்று, "அந்தப் பாட்டை மட்டும் இப்ப வேணாமே, தம்பி," என்றார். குரலில் சினமில்லை. ஜலந்தர் கதையைச் சொல்லலாமா என ஒரு கணம் தோன்றியது. அவருக்கு அப்போது வேண்டியிருந்தது வரலாறு அன்று, மகனின் கடிதம். ஒலிநாடாவை எடுத்து அலமாரியில் வைத்தோம். இதனைக் கோழைத்தனம் என்றார் நண்பரொருவர். பாடலுக்குச் செய்த துரோகம் என்றும் சொன்னார். நமக்கு அப்படித் தோன்றவில்லை. அமைதியைப் பாடும் பாடலை ஒரு தாயின் அச்சத்தின்மீது உரக்க ஒலிக்கவிடுவது எவ்வகை அமைதி?

ஜூலை இறுதியில் போர் ஓய்ந்தது. ஆண்டு முடியும் முன் அந்த இளைஞர் விடுப்பில் வந்தார். அம்மாள் ஒரு தூக்கு நிறைய அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டைப் பற்றி இரு பக்கமும் பேச்செழவில்லை. மறுநாள் மாலை ஒலிநாடாவை மீண்டும் எடுத்தோம். ஒலியைச் சற்றுக் குறைத்தே வைத்தோம்.