கம்பி எவ்வளவு இழுபடும்?

வந்தாறுமூலையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதி ஊரை ஊடறுத்துப் போகிறது. சுற்றவர வயலும் வாவியும்தான். இந்தச் சமதரையில் பிறேக் பிழைத்த சைக்கிள்கூட மாதக்கணக்கில் ஓடும். குறுக்கே மாடு பாயும்போதோ, முன்னால் போகும் பஸ் திடீரென்று ஓரங்கட்டும்போதோதான் பிழை வெளியே வரும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டவுள்ள சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்றில் போய் இருந்தேன். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான இந்தக் கம்பஸை நம்பித்தான் இப்படியான கொட்டில்களுக்குப் பாதிப் பிழைப்பு. மற்றப் பாதி, மீன்காரரும் வயலுக்குப் போகிறவர்களும்.

முதலில் வந்தது ஒரு மாணவியின் சைக்கிள். யப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே இறக்குமதியானது. முன் பிறேக் லீவர் உடைந்ததால் டவுனில் புதிது வாங்கிப் பூட்டியிருந்தாள்.

“பிடிச்சா நல்ல இறுக்கமாத்தான் இருக்கு அண்ணன். ஆனா நிக்குதில்ல.”

கொட்டில்காரர் பாஸ் (எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) லீவரை ஒருதரம் அமத்திப் பார்த்தார். “அந்த இறுக்கந்தான் தங்கச்சி பிழை.”

எனக்கு அது உடனே விளங்கவில்லை. கைக்கு உறுதியாக இருக்கும் பிறேக் நல்ல பிறேக் என்றுதான் நாமெல்லோரும் நினைக்கிறோம். பழைய லீவரையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். லீவர் சுழலும் ஆணியிலிருந்து வயரின் குமிழ் இருக்கும் குழிவரை பழையதில் ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். புதியதில் 30க்கு மேல். அந்த ஒரு சென்ரிமீற்றரில்தான் விசயம் இருக்கிறது. கதவைப் பிணைச்சலுக்குக் கிட்டப் பிடித்துத் தள்ளுவதற்கும் ஓரத்தில் பிடித்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஆணியிலிருந்து தூரம் கூடினால் வயர் கூடுதலாக இழுபடும், ஆனால் இழுக்கும் பலம் குறையும். தூரம் குறைந்தால் வயர் கொஞ்சமாக இழுபடும், பலம் கூடும்.

நீண்டு இழுக்கும் லீவர் வந்ததற்குக் காரணம் வீ பிறேக். 1996இல் சிமானோ கொம்பனி மவுண்டன் சைக்கிளுக்கென்று அதைக் கொண்டுவந்தது. முள்ளின் இரு பக்கமும் பத்து சென்ரிமீற்றர் அளவில் நிற்கும் இரண்டு நீளக் கைகள், அவற்றைக் குறுக்காக இழுக்கும் ஒரு வயர். பலத்தைக் கைகளின் நீளமே பெருக்கிக் கொடுத்துவிடும். அதற்கு ஈடாக வயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுபட வேண்டும். யப்பான் சைக்கிளின் முன் சில்லில் இருப்பதோ குட்டையான கலிப்பர். அதற்கு வயர் கொஞ்சம் இழுபட்டால் போதும், ஆனால் பலமாக இழுபட வேண்டும். மாணவியின் லீவர் பிறேக் கட்டைகளை றிம்மில் சட்டென்று கொண்டுபோய் முட்டியது. முட்டியபின் அழுத்த அதற்குப் பலமில்லை. அந்த முட்டலைத்தான் அவள் கை இறுக்கம் என்று உணர்ந்தது.

மாறிப் பூட்டினால் கதை தலைகீழ். குறைவாக இழுக்கும் லீவரை வீ பிறேக்குக்குப் போட்டால் கைக்கு மெத்தென்று இருக்கும், கவ்வினால் பொல்லாத கவ்வல். ஆனால் கட்டை றிம்மைத் தொட முன்னமே லீவர் ஹாண்டிலில் போய் முட்டிவிடும். அதைச் சமாளிக்கக் கட்டைகளை றிம்மோடு ஒட்டி வைக்கிறார்கள். பிறகு றிம் இம்மி கோணினாலும் உரசும். கட்டை கொஞ்சம் தேய்ந்தாலும் பிறேக் பிடிக்காது.

“கொம்பனியப் பாக்காதீங்க சேர். கம்பி எவ்வளவு இழுபடுது, அதப் பாருங்க,” என்றார் பாஸ். அவருடைய பழைய சாமான் பேணிகளும் அப்படித்தான். ஒன்றில் நீளமாக இழுப்பவை, மற்றதில் குட்டையாக இழுப்பவை. பெயர் பார்த்து அவர் எதையும் பிரிப்பதில்லை.

ரலி, ஹம்பர் ஓடிய காலத்தில் இந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. வயருக்குப் பதில் இரும்புக் கம்பிகள், றிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கட்டைகள். இந்தியாவின் ஹீரோவும் அட்லஸும் அதே அச்சில் வந்ததால் ஒன்றின் சாமானை மற்றதற்கு மாட்ட முடிந்தது. பிறகு லுமாலா, சீனத்து மவுண்டன் சைக்கிள், யப்பான் பழசு என்று ஒவ்வொன்றும் தன் பிறேக்கோடு வந்தது. 2022இல் பெற்றோல் இல்லாமல் போய், புதுச் சைக்கிளின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறியபோது, கோடிக்குள் கிடந்ததையெல்லாம் இழுத்தெடுத்து கிடைத்த சாமானைப் பூட்டி ஓடினோம். அந்தக் கலப்புகள் இன்றும் வீதியில் ஓடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இரும்பு றிம்மில் சரியான பிறேக்கே வழுக்கும். பொருந்தாத லீவரோடு கம்பஸ் பிள்ளைகள் அந்த வீதியில் போவதை நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது. எந்தப் பிறேக்குக்கான லீவர் என்று பைக்கற்றில் ஒரு வரி அச்சடிப்பது பெரிய செலவில்லை. விற்கிறவர் ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவே இல்லை.

பாஸ் பேணியிலிருந்து குட்டை லீவர் ஒன்றை எடுத்துப் பூட்டினார். கையால் அமத்திப் பார்த்துத் திருப்திப்பட அவர் விடவில்லை. “ஏறி ஓடி, பிடிச்சுப் பாருங்க.” மாணவி ஓடிப் போய்ப் பிடித்தாள். சைக்கிள் நின்றது.

பின்னேரம் டிஸ்க் பிறேக் சைக்கிளோடு ஒரு பையன் வந்தான். முன் பிறேக் எண்ணெயால் இயங்கும் வகை, பின் பிறேக் வயரால். லீவர் ஒரு கொம்பனி, கலிப்பர் இன்னொன்று. இங்கே இழுப்புக் கணக்கோடு எண்ணெய்க் கணக்கும் சேர்கிறது. சிமானோவுக்கு மினரல் எண்ணெய், வேறு சிலவற்றுக்கு மோட்டார் வாகனங்களில் ஊற்றும் டொட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுப்போகும். பாஸ் அதில் கை வைக்கவில்லை. ரெண்டையும் ஒரே செற்றாக வாங்கி வா மனே, அதுவரைக்கும் பின் பிறேக்கோட மெதுவா ஓடு என்று சொல்லி, பின் பிறேக்கின் வயரை மட்டும் இறுக்கி அனுப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை.