ஓர் உறையில் இரண்டு கத்தி

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். உலு திராமில் என் வீட்டு மேசைமேல் இருக்கும் பழைய மடிக்கணினி அதைப் பொய்யாக்கிவிட்டது.

2018இல் வாங்கியது. உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். காலையில் அதை முடுக்கிவிட்டுக் கோப்பி கலக்கிக் குடித்து முடித்தாலும் கண் விழிக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் நின்றுபோனது. புதிது வாங்க மனமிருந்தது, பணமில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் திறந்து பார்த்தான்.

"சார், இன்னொரு டிரைவ் போட உள்ளே இடமிருக்கு."

சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றை ஜொகூர் பாருவில் வாங்கி வந்தேன். விண்டோஸ் 11ஐப் பதிக்கும்போது திரையில் இரண்டு டிரைவுகளும் வரிசையாக நின்றன. நான் ஒன்றை அழுத்தப் போக, அவன் கையைப் பிடித்துவிட்டான்.

"அது பழசு, சார்! எல்லாம் அழிஞ்சிடும்!"

எனக்குக் குலை நடுங்கியது. தோட்டத்து லயன் வீடுகளை இடிக்குமுன் நான் எடுத்த படங்கள் அதில்தான் இருந்தன. இன்று உயிரோடில்லாத என் தாயார் அந்த வாசலில் நிற்கிறார்.

கணினியை அணைத்து, பழைய டிஸ்கைக் கழற்றி வைத்த பிறகே அவன் வேலையைத் தொடர்ந்தான். இப்போது புதியது கணினியை ஓட்டுகிறது. பழையது படங்களைக் காக்கிறது.

ஆனால், பெட்டி களவுபோனால் இரண்டும் போகுமே! ஆகவே படங்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துத் தங்கை வீட்டில் கொடுத்து வைத்தேன்.

வாசகர்களே, கணினியைத் திறக்குமுன் நகலெடுங்கள். டிஸ்க் கடையில் கிடைக்கும். அம்மாவின் படம் கிடைக்காது.