பாட்டியின் ஜெபமாலையும் என் 27 மார்க்கும்



காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் வாங்கிய மார்க் 27. விடைத்தாளில் அப்பாவின் கையெழுத்து வேண்டும். பயத்தில் அதை இரண்டு நாள் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பாட்டி, "ஏம்மா, வாய் ஜெபம் சொல்லுது, மனசு எங்கேயோ நிக்குதே" என்றார்கள். நான் அழுதுவிட்டேன். பாட்டி திட்டவில்லை. தம்முடைய பெரிய ஜெபமாலையை என் கையில் வைத்தார்கள். 2002-ஆம் ஆண்டில் ஒளியின் தேவ இரகசியங்கள் சேர்க்கப்படுவதற்கு முந்திய மாலை அது. பதினைந்து பத்து மணிகளும், தொடக்கத்து மூன்று மணிகளுமாக, 153 அருள்நிறை மந்திரங்கள்.

"இராயப்பர் வலையில் விழுந்த பெரிய மீன்களும் 153 தானே? அது என்ன எண்ணென்று உங்கள் கணக்கு சிஸ்டரைக் கேட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்கள்.

மறுநாள் நடுங்கிக்கொண்டே சிஸ்டரிடம் போனேன். அவர்கள் சிரித்துக்கொண்டே சுண்ணக்கட்டியை எடுத்தார்கள். 1 முதல் 17 வரை கூட்டினால் 153. ஆகவே அது ஒரு முக்கோண எண். பத்துக் கற்பனைகளும் பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தால் 17 என்று புனித அகுஸ்தீனார் இதற்கு விளக்கம் சொன்னாராம். 1, 1×2, 1×2×3, 1×2×3×4, 1×2×3×4×5 ஆகியவற்றைக் கூட்டினாலும் 153. அதன் இலக்கங்களின் கனங்களைக் கூட்டினால், 1+125+27, மீண்டும் அதே 153!

"உன் மார்க் எத்தனை?" என்று திடீரெனக் கேட்டார்கள். தலைகுனிந்து, "27, சிஸ்டர்" என்றேன்.

"2-ன் கனம் 8, 7-ன் கனம் 343. கூட்டு."

"351."

"அதற்கும் அப்படியே செய்."

27+125+1. கூட்டிப் பார்த்தேன். 153! எனக்கு மெய் சிலிர்த்தது.

3-ஆல் வகுபடும் எந்த எண்ணில் தொடங்கினாலும் முடிவு இதுதானாம். அன்றிரவு நானே 12-ஐ எடுத்தேன். 9, 729, 1080, 513, பிறகு 153. யாரும் சொல்லாமல் நானாக உட்கார்ந்து போட்ட முதல் கணக்கு அது. வழியில் எல்லா எண்களும் 3-ஆல் வகுபடுவது ஏன் என்பதையும் சிஸ்டர் பின்னர் விளக்கினார்கள். ஓர் எண்ணின் கனத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கிடைப்பது, அடுத்தடுத்த மூன்று எண்களின் பெருக்கல் பலன். அடுத்தடுத்த மூன்றில் ஒன்று கட்டாயம் 3-ஆல் வகுபடும். எத்தனை எளிது!

இராமானுஜனை உலகறியச் செய்த பேராசிரியர் ஹார்டி, 1940-ல் வெளிவந்த தம் நூலில் இத்தகைய எண்களை வெறும் புதிர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டார். அவர் மேதை, சொல்லலாம். எனக்கோ அந்த விளையாட்டுத்தான் கணக்கின் கதவைத் திறந்தது.

அன்றே விடைத்தாளை அப்பாவிடம் நீட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒளிக்காமல் முதல் நாளே காட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட்டார். அந்தச் சொல் அடியைவிட வலித்தது.

இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத சீடர்கள், விடியற்காலையில் ஆண்டவர் சொல்லைக் கேட்டு மறுபடி வலை வீசினார்கள். நானும் வீசினேன். அரையாண்டில் எனக்கு 51 மார்க். பெரிய மார்க் அல்லதான். ஆனால் அன்று மாலையே வீட்டில் காட்டினேன். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்கள். ஏன் தெரியுமா, தோழியரே? 51-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி