இறக்கி விடு மாமா

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. சோம்பேறித்தனம் பாதி, மீதிக்குக் காரணம் எங்க வீட்டு வாண்டு. அக்கா மகன்.

2022-ல அவனுக்கு நாலு வயசு. விடாத காய்ச்சல், கால் வலின்னு ஆரம்பிச்சு, கடைசியில ரத்தப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. குழந்தைகளுக்கு அதிகமா வர்ற ஏ.எல்.எல் வகை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா வைத்தியம் ரெண்டு ரெண்டரை வருஷம் ஓடும்னாங்க. சென்னைக்குப் போறோம்னு சொன்னாலே ஊர்ல குரலைத் தாழ்த்தி "அடையாறா?"ன்னு கேப்பாங்க. 1954-ல முத்துலட்சுமி ரெட்டி அங்க ஆரம்பிச்ச ஆஸ்பத்திரியால அந்தப் பேருக்கே எங்க பக்கம் அப்படி ஒரு அர்த்தம். பாடாலூர்ல பஸ் ஏறி எத்தனை தடவை போய் வந்தோம்னு கணக்கே இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது அவனைத் தூக்கினதைப் பத்தி.

ஊருக்கு வந்தா அவன் கால் தரையில படாது. எங்கம்மா இடுப்புல கொஞ்ச நேரம், என் தோள்ல கொஞ்ச நேரம். "பச்சப்புள்ள, உடம்புல ரத்தமே இல்ல, அவனப் போயி நடக்கச் சொல்றியேடி" என்று அக்காவுக்கு அர்ச்சனை வேற. தெருப்பிள்ளைங்க கிட்டிப்புள் ஆடினா கதவைச் சாத்திடுவோம். பாசம்தாங்க, வேறென்ன! ஆறே மாசம். தரையில உட்கார்ந்தவன் தொடையில கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்தான். நடந்தா முன்பாதம் தொங்கி, செருப்பு சரக் சரக்னு தேய்ஞ்சுது.

அடுத்த தடவை போனப்ப டாக்டர் பிசியோதெரபி அக்காகிட்ட அனுப்பினார். வின்கிறிஸ்டின்னு ஒரு மருந்து, அது நரம்பைப் பாதிக்கும், பாதத்தை மேல தூக்கற தசை சோர்ந்துடும். ஸ்டீராய்டு தொடைத் தசையைக் குறைக்கும். "இதுல பாதி மருந்தோட வேலை. மீதி நீங்க தூக்கிட்டே திரிஞ்சது" என்றார். சுருக்னு இருந்துச்சு.

(அந்த வின்கிறிஸ்டின் எதுலேர்ந்து வருது தெரியுமா? நம்ம நித்தியகல்யாணி! சுடுகாட்டு மல்லின்னு வீட்டுல வைக்க விடமாட்டாங்களே, அதேதான். 1963-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்ச மருந்து. எங்கம்மாகிட்ட சொன்னேன். இப்ப கிணத்து மேட்டுல இருக்கற செடியை யாரையும் தொட விடறதில்ல :))

நாலு வயசுப் பையனை உட்கார வச்சு உடற்பயிற்சி செய்யச் சொன்னா செய்வானா? அதனால எல்லாமே ஆட்டம். விரலைத் தூக்கிட்டுக் குதிகாலாலயே நடந்தா அவன் போலீஸ், நான் திருடன். முழங்கால் உயரத்துக்குக் கயிறு கட்டித் தாண்டணும். சோப்பு நுரையில முட்டை விட்டா எட்டி உதைச்சு உடைக்கணும். புளியங்கொட்டையைக் குந்திப் பொறுக்கி, எழுந்து வந்து டப்பாவுல போடணும். கை விரலும் மரத்துப் போகுமாம், அதுக்குப் பல்லாங்குழி. ரத்தத்துல தட்டணு குறைஞ்ச நாள்ல குதிக்கிற ஆட்டம் கிடையாது, உட்கார்ந்து பலூன் தட்டறதோட சரி. காய்ச்சல்னா ஆட்டமாவது ஒண்ணாவது, நேரா ஆஸ்பத்திரி. வெங்காயம் கொட்டி வச்சிருக்கற கொட்டகைப் பக்கம் போகவே கூடாது, தூசியும் பூஞ்சையும் ஆகாது. (பெரம்பலூர் மாவட்டத்துல சின்ன வெங்காயம் இல்லாத இடம் தேடறது பெரிய வேலைங்க.)

2021-ல பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுதுன்னு பிற்பாடு படிச்சேன். புற்றுநோய் வந்த பிள்ளைங்களும் முடிஞ்ச அளவு அசையணும், ஓடணும். முன்னாடியே தெரிஞ்சிருந்தா கதவைச் சாத்தியிருப்போமா?

எங்கம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் படாதபாடு. முதல் தடவை கயிறு தடுக்கி அவன் விழுந்தப்ப, ரெண்டு நாள் என்கிட்ட பேசல. மூணாவது நாள் பார்த்தா, திண்ணைப் படியில அவங்களே ஒவ்வொரு படிக்கும் ஒரு பொட்டுக்கடலை வச்சுக்கிட்டு இருந்தாங்க.

2024 கடைசியில வைத்தியம் முடிஞ்சுது. இப்பவும் களைச்சுப்போனா இடது கால் லேசா இழுக்கும். போன மாசம் கோயில்ல கூட்டம் நெரிஞ்சுதேன்னு பழக்கதோஷத்துல தூக்கிட்டேன். காதுக்குள்ள கத்தறான்: "இறக்கி விடு மாமா, எல்லாரும் பாக்கறாங்க!"